அக்கா படுத்துப் பார்த்த பெட்டி

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சாவைப் பற்றிப் பகிடி விடாமல் அவருக்குச் சோறு இறங்காது. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து, "மூச்சை இழுத்து விடுங்கோ ஐயா" என்றார்.

"இழுக்கிறன் டொக்டர். விடுறதை ஆறுதலாப் பாப்பம்" என்றார் அப்பா.

அடுத்த கிழமை அதையும் விட்டுவிட்டார்.

வீட்டில் மிச்சம் அம்மா, அக்கா, நான். மாமி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அக்காவும் நானும் பெட்டி வாங்கப் போனோம். கடையின் முன்பக்கம் மேசை, கதிரை; பின்பக்கம் சவப்பெட்டிகள். எங்களைக் கண்டதும் கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"இருந்த ஒருத்தருக்குத்தான் பெட்டி எடுக்க வந்தனாங்கள்" என்றாள் அக்கா.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மனிதர் குரலைத் தாழ்த்தி, "ஐயா என்ன உயரம்?" என்றார். எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் அக்காவும் ஒரே உயரம் என்பது மட்டும் தெரியும். அவர் தடுப்பதற்குள் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டாள்.

"எப்பிடி?" என்றேன்.

"கால் நீட்ட இடம் காணும். காத்துத்தான் வராது."

அந்த நேரம் பார்த்து, மேசை வாங்க வந்த ஒருவர் ஆளைத் தேடிப் பின்பக்கம் வந்தார். அக்கா எழும்பி உட்கார்ந்து, "இதைவிட அகலமானது இருக்கோ?" என்றாள். வந்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கடைக்காரர் ஓடிப்போய்ப் பிடித்து, "பயப்பிடாதேங்கோ, அளவு பாக்கினம்" என்றார்.

"எனக்கு அளவு ஒண்டும் வேண்டாம். நான் மேசைக்கு வந்தனான்!"

முதலில் வெடித்தது கடைக்காரர்தான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் பெட்டிக்குள் சாய்ந்தாள். நான் நிலத்தில் குந்திவிட்டேன். காலையிலிருந்து வராத கண்ணீர் எனக்கு அப்போதுதான் வந்தது.

வீட்டுக்குள் முகத்தை நேராக்கிக்கொண்டு நுழைந்தோம்.

"பெட்டி அளவாயிருக்குமோ பிள்ளை?" என்று அம்மா ஈனக்குரலில் கேட்டார்.

"ஓம் அம்மா. நான் படுத்துப் பாத்தனான்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதென்று பயந்த மாமி, ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே முகத்தில் ஊற்றினார். அம்மாவின் சிரிப்பு இன்னும் கூடியதுதான் மிச்சம்.

மறுநாள் அப்பா பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கினார். அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றோம். அம்மா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.