நீலக் கோடு

1991 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை, எனக்கு ஒன்பது வயது. காலை ஆறரைக்கு அம்மா போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலைக்குக் கிளம்பினார். ஏழு மணிக்கு அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, கிள்ளானை அடுத்த மேருவில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிக்கொண்டிருந்த கடைவீட்டுக்குப் போனார். அங்கே அவர்தான் மேற்பார்வையாளர். முட்டுக்கொடுக்கும் வேலை அம்மாவின் அண்ணனான என் மாமாவுடையது.

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றுமுன், பலகைகளைத் தாங்கும் தற்காலிக இரும்புத் தூண்கள் ஒவ்வொன்றையும் மாமா திருகி இறுக்குவார். இறுக்கியதும் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு. அப்பா தூண்களை அசைத்துப் பார்ப்பதில்லை. கோட்டை மட்டும் பார்ப்பார். "உன் மாமன் போட்டா போட்டதுதான்" என்பார்.

பத்தேகாலுக்கு மாமா தேநீர் குடிக்கப் போனார். சாக்பீஸ் ஒரு பலகைமேல் இருந்தது. ஏழு தூண்களில் கோடு இல்லை. மாமாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, எக்கி நின்று நானே போட்டுவிட்டேன். அவர் போடும் அதே உயரத்தில்.

பத்தரைக்குக் கான்கிரீட் லோரி வந்தது. அப்பா கோடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, உள்ளே விடச் சொல்லிக் கை காட்டினார். திரும்பும்போது அவர் தோள் ஒரு தூணில் இடித்தது. தூண் ஆடியது. அடுத்ததும் ஆடியது. மேலே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் எறங்குங்க! லோரிய நிறுத்து!"

மாமா ஓடிவந்தார்.

"என்ன மச்சான் இது? கோடு இருக்கு, தூண் ஆடுது. மேல ஆளுங்க நிக்கிறாங்க லா!"

மாமா கோட்டைப் பார்த்தார். பிறகு, முதுகுக்குப் பின்னால் நான் மறைத்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். விரலெல்லாம் நீலம்.

"நான்தான் போட்டேன்" என்றார் மாமா. "அவசரத்துல, அப்புறம் இறுக்கிக்கலாம்னு."

"பதினோரு வருஷமா உன் கோட்ட நம்பித்தானே மச்சான் ஆளுங்கள மேல ஏத்துறேன்?"

லோரி திரும்பிப் போயிற்று. சாயங்காலம் மாமா குழாயடியில் என் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, "இனிமே அதத் தொடாத, புள்ள" என்றார். அவ்வளவுதான். நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு அப்பா செய்த முதல் வேலை, ஒரு சிவப்புச் சாக்பீஸை இன்னொரு தொழிலாளியிடம் கொடுத்தது. மாமா இறுக்கி நீலக் கோடு போட்ட ஒவ்வொரு தூணையும் அந்தத் தொழிலாளி அசைத்துப் பார்த்து, பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே போனார். மாமா நிமிரவேயில்லை. எனக்கோ, இரண்டு நிறமும் சேர்ந்தது அழகாக இருப்பதாகத் தோன்றியது.