மாமனார் ஒட்டச் சொன்னார், மருமகன் சுரண்டச் சொன்னார்

வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம், ஒட்டச் சொன்ன மனுஷனோடு மல்லுக்கட்டுவதுதான் தொழில். தொண்ணூறுகளின் கடைசியில், பெரம்பலூரில் தரையில் சாக்கு விரித்துச் சாவிக்கொத்து விற்று, அப்புறம் ஸ்டிக்கர் கடை பிடித்தவன் நான். கடை வைத்துத் தொண்டை வற்றிப்போன புண்ணியவான்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மணி கட்டிய சைக்கிள்

ரஞ்சன்குடிக்காரர் ஒருத்தர் பழைய சைக்கிளோடு வந்தார். ஸ்போக்ஸ் கம்பிக்கெல்லாம் கலர் மணி, ஹேண்டில்பாருக்குக் குஞ்சம் வேண்டுமாம். பேரத்துக்கே ஒரு மணி நேரம், கோத்து முடிக்க அரை நாள். முடித்து உருட்டிப் பார்த்தால் பிரேக்கே பிடிக்கவில்லை. "அதை முதல்ல பாருங்கய்யா!" என்று கத்தினேன். அவர் குஞ்சத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"நிறுத்தறதுக்குக் காலு இருக்குது தம்பி. அழகுக்கு என்னா இருக்குது?"

டேங்க்கில் மாமனார்

ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி ஒருத்தர், மாப்பிள்ளைக்கு வாங்கிய புது பைக்கை நேரே என் கடைக்கு ஓட்டி வந்தார். பெட்ரோல் டேங்க்கின் இரண்டு பக்கமும் 'மாமனார் அன்பளிப்பு' என்று பளபளக்கிற ரேடியம் ஸ்டிக்கரில் வேண்டுமாம். "மாப்பிள்ளை கூச்சப்படுவாருங்க, சின்னதாப் போட்டுக்கலாம்" என்றேன். கேட்ட விலைக்கு மறுபேச்சுப் பேசாத மனுஷன், இதற்குப் பொங்கிவிட்டார்.

"குடுத்தது யாருன்னு அவங்க ஊரு நாய்க்கும் தெரியணும்யா!"

போர்டைப் படிக்காத மாப்பிள்ளை

கல்யாணமாகிப் பத்தே நாளில் மாப்பிள்ளை வந்து நின்றார். டீக்கடையில் அவரை 'வாய்யா அன்பளிப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். சுரண்டிவிடச் சொன்னார். 'ஒட்டியதைச் சுரண்டித் தரமாட்டோம்' என்று தலைக்கு மேலே போர்டே தொங்குகிறது. சுரண்டினால் பெயிண்ட் உரியும். உரிந்தால் முந்திரிக்காரர் என் தோலை உரிப்பார். முடியாது என்று கத்தினேன். அவரும் கத்தினார்.

"அப்ப தலைதீபாவளிக்கு அவங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அந்தப் பாவம் உங்களைத்தாண்ணே சேரும்!"

பின்சீட்டுக்காரி

தீபாவளிக்கு முதல்நாள் காலை, அதே வண்டி. மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க, புதுப்பெண் இறங்கி வந்தாள். துணிப்பை வேறு. ஊருக்குப் போகிற தயாரிப்போடுதான் வந்திருக்கிறாள். "சுரண்ட மாட்டேம்மா" என்று நான் ஆரம்பிப்பதற்குள், "யாரு சுரண்டச் சொன்னா? அதும்மேலயே சிவப்புப் பட்டை ஒட்டி, 'கலா'ன்னு என் பேரப் போடுங்க" என்றாள். ரெண்டே எழுத்துதானே என்று பாதி விலைக்கு அடித்தாள். நானே அசந்துபோய் இறங்கிவிட்டேன். ஒட்டி முடித்ததும் மாப்பிள்ளை கிக்கரை உதைத்தார். வண்டி ஆண்டிமடம் பக்கம் திரும்பியது. போகிறபோக்கில் அவள் சொன்னாள்:

"எங்கப்பா பாத்தா மக பேரு, இவரு பாத்தா பொண்டாட்டி பேரு. ரெண்டு பேருல யாரு சுரண்டுறாங்கன்னு பாத்துடறேண்ணே!"

வண்டி ஓட்டுகிறவனோடு வருஷக்கணக்கில் கத்தியதற்கு, பின்னால் உட்காருகிறவளை முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும்.