எழுதி வைக்காத சுற்றுகள்

வால்வு திறக்கிறவர்களின் சங்கச் செயலாளர் நகராட்சி ஆணையரைப் பார்க்க வரும்போது கையில் மனு இருக்காது. வால்வுச் சாவி இருக்கும். நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி. தெருவிலுள்ள இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் இதை இறக்கி இரண்டு கையாலும் சுற்றினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும், இன்னொரு தெருவுக்கு நிற்கும். அதை ஆணையர் அறைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வணக்கம் சார், செத்த நேரம் பேசலாமா?" என்பார். சுவரில் அது போட்ட கீறல்களைப் பார்த்தே அதுவரை எத்தனை பேச்சுவார்த்தை நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். நான் அப்போது பணியாளர் பிரிவில் இளநிலை உதவியாளர். பேச்சுவார்த்தையில் குறிப்பெடுப்பதும் நடுவில் டீ சொல்வதும் என் பொறுப்பு. இரண்டாவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

எந்த நகராட்சி என்று சொல்லமாட்டேன். திண்டுக்கல்லில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன். எனக்கு இன்னும் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் அங்கே நூல் மில் இருந்தது. ஊருக்கு வெளியே தோல் பதனிடும் கூடங்கள் இருந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பிழைத்தார்கள். மில் மூடியது, கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின, நாற்றம் போனது, கூடவே வரி வருமானமும் போனது. சுத்தமான காற்றை வைத்துக்கொண்டு நகராட்சி என்ன செய்யும்? மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: புதிதாக ஆள் எடுக்கக்கூடாது, சம்பளச் செலவு வரம்பைத் தாண்டினால் மானியம் நிற்கும். ஆனால் வால்வு திறக்கிறவர்கள் வயதாகி ஓய்வு பெறுவதை எந்தக் கடிதத்தாலும் நிறுத்த முடியவில்லை. போனவர்களின் இடத்தில் தினக்கூலிக்குப் பதினோரு பேரை வைத்துக்கொண்டோம். அவர்கள் பெயரை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. எழுதினால் வரம்பு தாண்டிவிடும். ஆகவே அவர்களுடைய கூலி, "குழாய் உடைப்பு சரிசெய்த வகையில்" என்று ஒரு மேஸ்திரியின் கையெழுத்தில் போனது. அந்த ரசீதுகளை மட்டும் படிக்கிறவர், எங்கள் ஊரில் உடையாத குழாயே கிடையாது என்று முடிவுகட்டுவார். அந்த வாசகத்தை யோசித்துச் சொன்னது நான்தான். அதற்காக அன்று எனக்கு ஒரு பாராட்டுகூடக் கிடைத்தது.

பதினோரு பேரில் ஒருவர் வடமதுரைக்காரர். தினமும் சைக்கிளில் வருவார், விடிவதற்குள் மூன்று தெரு முடித்துவிடுவார். என்றைக்காவது நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் அவர் திருமணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். "பொண்ணு வீட்டுல ஆர்டர் காப்பி கேக்குறாங்க சார்" என்று சிரிப்பார்.

அந்தச் சமயத்தில் ஒரு பொறியாளர் மாறுதலாகி வந்தார். நல்ல மனிதர், அரசு அலுவலகத்தில் அது எப்போதும் ஏதாவது சிக்கலில் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்குக் கீழும் அவர் ஒரு நோட்டு வைத்தார். எந்த வால்வை, யார், எத்தனை மணிக்கு, எத்தனை சுற்றுத் திறந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்பது அலுவலகத்தில் எந்தத் தாளிலும் இல்லை. மேட்டுத் தெருவுக்கு முழுசாகத் திறந்தால் பள்ளத்தில் இருக்கிறவனுக்குக் குழாய் பிய்ந்துவிடும். பள்ளத்துக்கு இரண்டு சுற்று கூடினால் மேட்டில் காற்றுதான் வரும். அத்தனையும் வால்வுக்காரர்களின் தோளிலும் மணிக்கட்டிலும் இருந்தது.

செயலாளர் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஆணையர் மேசையில் போட்டார். "எங்க அண்ணன் மில்லுல ஃபிட்டர் சார். எந்த மிஷினை எப்பிடி வைக்கணும்னு எழுதிக் குடுன்னாங்க. மரியாதையாக் கேக்குறாகளேன்னு உக்காந்து எழுதிக் குடுத்தாரு. மூணு மாசத்துல மிஷினு வேற ஊருக்குப் போச்சு, இவரு வீட்டுக்கு வந்தாரு. நாங்க எழுதமாட்டோம்." சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்: தினக்கூலிக்காரர்கள் உட்பட எந்த உறுப்பினரும் சுற்றை எழுதுவதில்லை, கையெழுத்தும் போடுவதில்லை. ஐந்து நாள் வேலைநிறுத்தம். சாவியை எடுத்துக்கொண்டு பொறியாளரே தெருவில் இறங்கினார். சந்தைப்பேட்டையில் இரண்டு குழாய் வெடித்தது. அந்த ஒரு மாதம் மட்டும் எங்கள் ரசீதில் உண்மை இருந்தது. ஆறாவது நாள் நோட்டு திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளர் எழுச்சி பற்றித் தடித்தடியான மொழிபெயர்ப்புகளைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் அந்த நோட்டைச் சரிபார்க்கும் வேலை போயிற்றே என்ற மகிழ்ச்சியும் அதில் பாதி இருந்தது.

நாலைந்து ஆண்டு கழித்து அரசாணை வந்தது. பத்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றிய தினக்கூலிகளை, உரிய அத்தாட்சி இருந்தால், நிரந்தரமாக்கலாம். பதினோரு பேருமே பத்தைத் தாண்டியவர்கள். செயலாளர் இனிப்பு வாங்கிக்கொண்டு பதிவறைக்கே வந்துவிட்டார். "தேடு அப்பு, உங்க ஆபீஸ்ல காகிதத்துக்கா பஞ்சம்?"

இரண்டு நாள் தூசியில் கிடந்தோம். குழாய் உடைப்பு ரசீதுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. எல்லாவற்றிலும் மேஸ்திரியின் கையெழுத்து. கடைசியில் பொறியாளரின் நோட்டு ஒன்று கிடைத்தது. தீர்மானம் போடுவதற்கு முன்னால் ஒன்பது நாள் பதிவு நடந்திருந்தது. ஒன்பது நாளும் வடமதுரைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்தாவது பக்கத்திலிருந்து வெற்றுத்தாள். செயலாளர் அந்த வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாகக் கடைசிவரை புரட்டினார். பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து, "ஜெயிச்சோம்னுல்ல அப்பு அன்னைக்கு வெடி போட்டோம்" என்றார். இனிப்புப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை வந்து என் தட்டச்சுப்பொறிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "அடி. நான் சொல்றேன்." சுற்றுகளைச் சொல்லத் தொடங்கினார். எந்த வால்வு, எந்தத் தெருவுக்கு, எத்தனை சுற்று, பதினோரு பேரில் யார் எத்தனை வருஷமாக அதைத் திறக்கிறார். வேலை தெரிந்தவன்தானே இதைச் சொல்ல முடியும், இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும் என்பது அவர் வாதம். கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் சாவியைப் பிடித்துக் கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்வார். சில இடத்தில், "இரு, இது எனக்குத் தெரியாது, வடமதுரையானுக்குத்தேன் தெரியும்" என்று அவரை வரவழைப்பார். அவரும் கையைச் சுற்றிப் பார்த்தே சொன்னார். மூன்று நாளில் பதினான்கு பக்கம். அடித்து முடித்ததும் செயலாளர், "எங்க அண்ணன் உசுரோட இருந்தா என்னையச் செருப்பால அடிச்சிருப்பாரு" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

ஆணையர் அதைப் படித்தார். "யோவ், பதினோரு பேரு உள்ள வந்தா வரம்பு தாண்டிரும். மானியம் நின்னா உமக்கும் எனக்கும் யாரு சம்பளம் போடுறது? இருக்கிற அத்தாட்சியை மட்டும் பாத்துக் குறிப்பு எழுதும்" என்றார். இருந்தது ஒன்பது நாள். "தொடர் பணிக்கு அத்தாட்சி ஏதும் இல்லை" என்று எழுதினேன். பத்து வருஷமாக என் வீட்டுக் குழாயில் தண்ணீர் விட்டவர்களைப் பற்றி, குளித்துவிட்டு வந்து எழுதினேன். கோப்பு மேலே போய், அப்படியே ஆமோதிக்கப்பட்டுத் திரும்பியது.

பதினான்கு பக்கம் மட்டும் ஆணையரின் இழுப்பறையிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு குடிநீர் விநியோகத்தைத் தனியாருக்கு விட டெண்டர் தயாரானபோது, "விநியோக முறை" என்ற பின்னிணைப்பாக அது வெளியே வந்தது. ஆட்களின் பெயர்ப் பகுதியை விட்டுவிட்டு மீண்டும் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். தட்டச்சில் நான் கெட்டிக்காரன்.

நிறுவனம் வந்தது. பதினோரு பேரில் வடமதுரைக்காரர் உட்பட ஐந்து பேரை எடுத்துக்கொண்டது. சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. நிறுவனம் புது ஆட்களை இறக்கியது. கையில் பட்டியல், எத்தனை சுற்று என்று அச்சில் இருந்தது. தண்ணீர் நேரத்துக்கு வந்தது. வேலைநிறுத்தம் நடந்ததே ஊருக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாலை செயலாளர் என் மேசைக்கு வந்து நின்றார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். "உக்காரு அப்பு. சொன்னது நானு, அடிச்சது நீ. இதுல யாரை யாரு வையிறது?" என்றார். ஓய்வுபெற்று இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். எழுதாமல் விட்டதும் அவர் கணக்கில்தான், எழுதியதும் அவர் கணக்கில்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஆணையர்கள் மாறுதலாகிப் போய்விடுவார்கள், பேச்சுக்குச் சிக்கமாட்டார்கள்.

நான் இப்போது மேலாளர். போன வாரம் வடமதுரைக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒப்பந்த நிறுவனம் மூன்று கை மாறியிருக்கிறது, அவர் அதே வால்வில் இருக்கிறார். திருமணம் ஒரு வழியாக நடந்து, மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒப்பந்தப் பணியாளர் விவரம் கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருப்பதாக அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனை நீட்டினார். தினமும் வால்வுக் குழி முன்னால் நின்று போனில் முகத்தைக் காட்டி வருகை போடுகிறார்கள்; அந்த முறை வந்த நாளிலிருந்து எடுத்த முகமெல்லாம் வரிசையாக அதில் இருந்தது.

"இப்ப எல்லாம் இருக்கு சார். தேதி இருக்கு, நேரம் இருக்கு, மூஞ்சியே இருக்கு. நீங்களே எழுதுங்க. அன்னைக்கும் நீங்கதான எழுதுனீங்க?"

அத்தாட்சி இல்லை என்ற குறிப்பை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் குரலில் வசவு இல்லை. படிவத்தை எடுத்தேன். "பணியமர்த்தியவர்" என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. நகராட்சிக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அதற்குக் கீழே ஒரு வரி. நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். படித்துக் காட்டினேன்.

"அப்ப நான் யாரு சார்?" என்றார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி சார், வாரேன். நாலு மணிக்கு உங்க தெருவுக்குத் திறக்கணும்" என்று கிளம்பினார்.

அன்று அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்குப் போனேன். நாலு மணிக்குச் சரியாகத் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டுக் குழாய் வாசலுக்கு வெளியே இருக்கிறது. அங்கே நின்றால் தெருமுனை வால்வுக் குழியும் தெரியும், குழியருகே நிற்பவரும் தெரிவார். குடத்தைக் கொடுத்து மனைவியை அனுப்பிவிட்டு, நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.