கயிறு கட்டிய பெட்டி

துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கின் குளிரறைக்குப் பொறுப்பு அம்மையப்பன். பொறுப்பு என்பது நாம் மரியாதைக்குச் சொல்வது. விசாவில் அவன் ஹெல்பர்தான். உள்ளே சாக்லேட்டும் முகக் கிரீமும் சுகமாகக் குளிரில் இருக்க, மற்ற சரக்கெல்லாம் வெளியே தகரக் கொட்டகையில் வேகும். முதலில் வந்த பெட்டி முதலில் போக வேண்டும், தேதி சீக்கிரம் முடிவது முன்வரிசையில் நிற்க வேண்டும், சுவரை ஒட்டி எதையும் அடுக்கக் கூடாது. இதிலெல்லாம் அவன் கில்லாடி. அந்தக் கில்லாடித்தனத்தால் அவன் கண்ட ஒரே லாபம், லீவு கேட்கும்போதெல்லாம் கிடைக்கும் "உன்ன விட்டா இங்க ஆள் இல்லப்பா" என்ற பதில்தான்.

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஊர். அப்பா செத்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அண்ணன் கல்யாணசுந்தரம்தான் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கி அவனை ஆளாக்கினார். தவிட்டுத் தூசி பாதி, பீடி பாதியாக அண்ணனுடைய நெஞ்சு சீக்கிரமே சல்லடையாகிவிட்டது. தஞ்சாவூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பீடியை விட்டால் வைத்தியம் பார்க்கிறேன், விடாவிட்டால் என்னைத் தேடி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணனும் விட்டுத்தான் பார்த்தார். கை நடுங்கும், வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுவார், கடைசியில் மில் வாசல் பெட்டிக்கடையில் போய் நிற்பார்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், குளிர்காலம் முடிகிற சமயத்தில் கிடங்குக்கு ஒரு புதுச் சரக்கு வந்தது. சீனாவில் செய்த பேட்டரி சிகரெட். பார்வைக்கு அசல் சிகரெட் மாதிரியே இருக்கும். உறிஞ்சினால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும், புகை போல ஆவி வரும். சார்ஜ் ஏற்ற வழியில்லை. தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். கிடங்கு மேனேஜர் விஜயபாஸ்கர், சென்னைக்காரர், ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"இத கூலிங்ல வைப்பா. உள்ள மருந்துத் தண்ணி இருக்கு, கூடவே பேட்டரி. குளுமையா இருந்தா அட்டையில போட்ட தேதி வரைக்கும் தாங்கும். சூட்டுல கெடந்துச்சுன்னா தண்ணி ஒழுகிடும், பேட்டரி செத்துடும். அப்புறம் தேதி இருந்து என்ன பிரயோஜனம்?"

"பீடி குடிக்கிறவங்களுக்கு இது ஆகுமா சார்?"

"பீடிய விடுறதுக்குன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. ஆகுமா ஆகாதான்னு எனக்கென்ன தெரியும்."

அம்மையப்பன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கினான். அன்று சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, பீடிக்குப் பதிலா ஒண்ணு வந்திருக்கு. நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது. மே மாசம் லீவுக்கு வரும்போது கொண்டாறேன். அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க."

அண்ணன் இருமி முடித்துவிட்டுப் பேசினார். "நீ சொல்லிட்டேல்ல. இனி தொடலடா. நீ கொண்டாந்து குடுக்கிறதத்தான் குடிப்பேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். மில்லில் எல்லோரிடமும் தம்பி துபாயிலிருந்து நெருப்பில்லாத சிகரெட் கொண்டுவருகிறான் என்று பறையடித்துவிட்டார். அடுத்த தடவை போனை எடுத்த அண்ணி சரோஜா, "உங்கண்ணன் வெறும் வெரல வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு தம்பி. பாக்கச் சகிக்கல. சீக்கிரம் வந்து சேருங்க" என்றாள்.

வளைகுடாவில் கூலிக்கு இருப்பவனுக்கு ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிதான் குலதெய்வம். லீவு முடிந்து திரும்பிய வாரமே அடுத்த லீவுக்குப் பெட்டி பிடிப்பான். தைலம், டார்ச், சோப்பு, சேலை என்று வருஷக்கணக்கில் சேரும். ஒன்றைக்கூடத் தான் தொடமாட்டான். பெட்டிக்குள் புதுத் துண்டு இருக்கும், அவன் கிழிந்த துண்டில் துவட்டிக்கொள்வான். லீவு உறுதியானதும் டேப் சுற்றி, நைலான் கயிறு போட்டு இறுக்கி, மேலே பெயரையும் திருச்சி என்றும் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டால் முடிந்தது. பிறகு அதை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் பயணம் தட்டிப்போகும். இதை எந்தச் சாஸ்திரத்தில் படித்தார்களோ, கம்பெனி கேம்பில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மூத்த ஆளான நாகர்கோவில் கோபாலசாமிக்கு இது வேதம்.

ஏப்ரல் கடைசியில் அம்மையப்பன் பெட்டியைக் கட்டினான். சிகரெட் பெட்டியை நடுவில் வைத்து, அடிபடாமல் இருக்கச் சேலையைச் சுற்றிவைத்திருந்தான். மே வந்தது, அவனுக்குப் பதில் ஆள் வரவில்லை. அடுத்த மாசம் கண்டிப்பாக என்றார் விஜயபாஸ்கர். அந்த அடுத்த மாசமும் அதே பாட்டைப் பாடினார்.

கட்டிலுக்கு அடியில் இடமில்லாததால் பெட்டி இரும்பு அலமாரிக்கு மேலே, தகரக் கூரைக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஆட்கள் டூட்டிக்குக் கிளம்பியதும் கேம்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் அறை அறையாக ஏசியை நிறுத்திவிடுவான். ஆளில்லாத அறைக்கு எதற்குக் குளிர் என்பது அவன் நியாயம். சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தால் முகத்தில் அடுப்படி அனல் அடிக்கும்.

அம்மையப்பனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் ஜூன் மாதத்தில் பெட்டியைத் தோளில் வைத்துக் கிடங்குக்கே சுமந்து வந்தான்.

"சார், லீவு கெடைக்கிற வரைக்கும் இது கூலிங்ல ஒரு மூலையில இருக்கட்டும்."

விஜயபாஸ்கர் பெட்டியின்மேல் எழுதியிருந்த பெயரைப் படித்தார். "சொந்தச் சாமான உள்ள வச்சா ஆடிட்ல என் கழுத்தத்தான் பிடிப்பாங்க. இது கம்பெனி கூலிங், உங்க வீட்டு ஃபிரிட்ஜ் இல்ல. எடுத்துட்டுப் போப்பா."

குளிரறையில் அன்று பாதி இடம் காலி. அதைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் அவன் பெட்டியைத் திரும்பச் சுமந்தான்.

அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. பெட்டி அதில் நுழையாது, சிகரெட்டை மட்டும் எடுத்தால் நுழையும். கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தான். கோபாலசாமி கையைப் பிடித்துக்கொண்டான்.

"மக்கா, கெட்டுன பெட்டிய அவுக்காத கேட்டியா. போன வருஷம் ஒருத்தன் இதே ரூம்ல அவுத்தான். லீவும் போச்சு, விசாவும் போச்சு. ஒனக்கு அண்ணனப் பாக்கணுமா வேண்டாமா?"

அண்ணனைப் பார்க்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்தான். அதே கோபாலசாமி ஆடி மாதம் ஊருக்குப் போனான், அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். அதற்கும் பெட்டியை அவிழ்க்க வேண்டுமே. மடத்தனம்தான், யார் இல்லை என்றது? லீவு மேனேஜர் கையில், பாஸ்போர்ட் கம்பெனி கையில், ஏசிகூட வேறொருவன் கையில். அவன் கையில் இருந்தது அந்தக் கயிறு ஒன்றுதான், அதை அவன் விடவில்லை.

நவம்பரில் லீவு கிடைத்தது. வீட்டில் அண்ணன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல் தவறவில்லை, அன்றிலிருந்து பீடியைத் தொடவே இல்லை. இருமல்கூடப் பாதியாகக் குறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க மில் ஆட்கள் வாசல்வரை நின்றார்கள். அம்மையப்பன் கயிற்றை அறுத்தான்.

சேலையை எடுத்த சரோஜா முகத்தைச் சுளித்தாள். மடிப்பெல்லாம் மஞ்சளாகப் பிசுபிசுத்தது, காரமாக ஒரு வாடை அடித்தது. அண்ணன் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு சிகரெட்டை எடுத்துத் துடைத்து வாயில் வைத்து உறிஞ்சினார். விளக்கு எரியவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் எரியவில்லை. அடுத்ததில் தண்ணீர் நாக்கில் ஒழுக, கசப்புத் தாங்காமல் முற்றத்தில் போய்த் துப்பினார். வாசலில் யாரோ சிரித்தார்கள்.

"அங்க தேதி முடிஞ்சுதுன்னு கழிச்சுப் போட்டிருப்பாங்க, அதப் பொறுக்கிக் கட்டிட்டு வந்திருக்காரு உங்க தம்பி" என்றாள் சரோஜா, பாழான சேலையைச் சுருட்டிக்கொண்டே.

அண்ணன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இல்லையே. அடுத்த வருஷம் வரைக்கும் தேதி போட்டிருக்கேடா."

"சூட்டுல இருந்துட்டுதுண்ணே. அதான்."

"நீ வேல பாக்கிறதே குளுர்ற ரூமுலதானடா?"

எங்கிருந்து தொடங்கினாலும் அது சாக்குச் சொல்வதாகத்தான் இருக்கும். ஆடிட்டைச் சொல்வதா, பெட்டியைக் கட்டிய கயிற்றைச் சொல்வதா? அம்மையப்பன் அறுத்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். மில் ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சாயங்காலம் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பெட்டிக்கடைக்கு நடந்தார். பின்னாலேயே ஓடிய அம்மையப்பன் கடை வாசலில் கையைப் பிடித்துக் கெஞ்சினான். அவர் கோபப்படவில்லை. பீடியைப் பற்றவைத்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார்.

"இதுக்குத் தேதியும் கிடையாது, கூலிங்கும் வேண்டாம். விடு தம்பி."

மறு வருஷம் மழைக்காலத்துக்கு முன்னாலேயே அண்ணன் போய்ச் சேர்ந்தார். தகவல் வந்தபோது அம்மையப்பன் குளிரறையில் சாக்லேட் அடுக்கிக்கொண்டிருந்தான். விஜயபாஸ்கரே உள்ளே வந்து தோளில் கை வைத்தார்.

"இன்னைக்கே கெளம்புப்பா. டிக்கெட் சொல்லியாச்சு, பாஸ்போர்ட்டும் வாங்கி வச்சிருக்கேன்."

"பதில் ஆள் சார்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீ கெளம்பு."

அம்மையப்பன் கையிலிருந்த பெட்டியைத் தேதி பார்த்து முன்வரிசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். அறையில் கோபாலசாமி, பாதி நிரம்பிய அடுத்த லீவுப் பெட்டியை இறக்கிவைத்துக் கயிற்றோடு காத்திருந்தான். அம்மையப்பன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கிளம்பினான்.

திருச்சி விமான நிலையத்தில் எல்லோரும் பெட்டிக்காக நின்றுகொண்டிருக்க, அவன் கையை வீசிக்கொண்டு வெளியே வந்தான். ஊரிலிருந்து கார் கொண்டுவந்த டிரைவர் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பெட்டி இன்னும் வரலையாண்ணே?"

"பெட்டி இல்லப்பா" என்றான் அம்மையப்பன். "இந்தத் தடவ லீவு மட்டும் கேக்காமலே கெடச்சிருச்சு."