மாமியின் பால் நேத்தி

என்ர மாமியாருக்கும் சாமிக்கும் ஒரு ஒப்பந்தம். மகன் வந்து இறங்குமட்டும் அவ பால் வாயில வைக்கமாட்டா. பால் மட்டுமில்லை, பாலில உண்டான ஒரு சாமானும் வைக்கமாட்டா. அந்த மகன்தான் என்ர மனுசன். சரக்குக் கப்பலில வேலைக்குப் போனவர், போய்ச் சேர்ந்தன் எண்டு ஒரு கடிதம் போட்டார். பிறகு மாசக்கணக்காச் சத்தமில்லை. இருக்கிறாரோ இல்லையோ எண்டே தெரியாது. துறைமுகத்தில எந்தக் கப்பல் ஊதினாலும் நாங்கள் ரெண்டுபேரும் வாசலுக்கு ஓடுவம். ஓடிப்போய் நிண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கமாட்டம்.

நேத்திக்கடன் வைச்சது மாமி. உளவு வேலை எனக்கு. வெறும் தேத்தண்ணி குடிக்கிறது லேசு. எழுபதுகளில பால்மாவே கடையில இல்லை, நேத்தி இல்லாட்டியும் அதைத்தான் குடிச்சிருப்பம். ஆனா பிஸ்கட்? "இதுக்குள்ள பால் இருக்கோ பார் பிள்ளை" எண்டுவா. பெட்டியைத் திருப்பினால் மாடு ஒண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கும். படத்தில மாடு நிண்டா விலக்கு. மாஜரின் டின்னில மாடு இல்லை, அதால அது தப்பிச்சிது. பிறகு முன்வீட்டு ரீச்சர், அதுக்குள்ளயும் பால் சேர்க்கிறவை எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டா. அண்டு முழுக்க மாமி வாய் கொப்பளிச்சா. பேக்கரியில போய் பணிசு மாவுக்கு என்ன போட்டுக் குழைச்சனீங்கள் எண்டு நான் குறுக்கு விசாரணை செய்ய, அந்தாள் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

தேங்காய்ப்பாலுக்கு ஒரு பஞ்சாயத்து வைச்சம். கோயில் ஐயர், "தென்னைக்கு மடி இல்லை, தாராளமாச் சொதி வையுங்கோ" எண்டு தீர்ப்புச் சொன்னார். அதே ஐயர் வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கலை நீட்ட, மாமி "நெய் விட்டதோ?" எண்டு கேட்டா. "ஓம், நல்ல பசுநெய்" எண்டார் ஐயர் பெருமையா. மாமி கையை இழுத்துக்கொண்டா. சாமிக்கு வைச்ச நேத்திக்காகச் சாமியின்ர பிரசாதத்தையே வேண்டாம் எண்டவ இந்த ஊரில மாமி ஒருத்திதான்.

மத்தியானத்தில சோறு, சொதி, பக்கத்தில பொரிச்ச மோர்மிளகாய். அது இல்லாட்டி மாமிக்கு ஒரு கவளமும் இறங்காது. மகன் கப்பலுக்குக் கொண்டுபோகவெண்டு தன்ர கையால ஊறப்போட்டுக் காயவைச்சது. அவர் கொண்டுபோனது போக, மிச்சம் ஒரு பெரிய போத்தல் இருந்திது.

ஒருநாள் மாமி சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, கிண்ணியாவில இருந்து வாற தயிர்க்கார நானா படலையடியில சைக்கிளை நிப்பாட்டினார். நாங்கள் தயிர் வாங்காமல் விட்டது அவருக்குப் பெரிய கவலை.

"தயிர்தான் வேணாம், மோராவது எடுங்களேன் அம்மா" எண்டார். "மகன் போகக்குள்ள மோர்மிளகாய்க்கு எண்டு ரெண்டு முட்டி மோர் எடுத்தீங்களே. அந்த மிளகாய் இன்னேரம் முடிஞ்சிருக்குமே?"

மாமியின்ர வாய்க்குள்ள பாதி மிளகாய். மற்றப் பாதி விரலில.

ஐயோ, பேரிலயே மோர் இருக்கே! தட்டில மோரை வைச்சுக்கொண்டு பிஸ்கட் பெட்டியில மாடு தேடின எங்கட விண்ணாணத்தை என்னெண்டு சொல்ல! எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு. மாமியின்ர முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையோட நிண்டிட்டுது.

"திண்டு திண்டு என்ர பிள்ளையை நானே பலிகுடுத்திட்டன்" எண்டா.

"ஒரு மிளகாய்க்கு ஆளைப் பலி கேக்கிற சாமியெண்டா, அந்தச் சாமி எனக்கு வேண்டாம்!" எண்டு கத்தினன். அண்டுவரைக்கும் மாமிக்கு முன்னால நான் குரல் உயர்த்தினதில்லை. பாவம் தயிர்க்கார நானா, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டினார்.

மாமி போத்தலோட கடற்கரைக்குப் போய் அவ்வளவையும் கொட்டினா. வந்து தலை முழுகி, நேத்தியை முதலில இருந்து துவங்கினா. அவ போத்தலைத் தூக்க முதல் நான் ஒரு பிடி அள்ளி ஒளிச்சுப்போட்டன்.

கொஞ்ச நாள் கழிச்சு மனுசன் வந்து நிண்டார். கறுத்து, மெலிஞ்சு, தோளில ஒரு பை. கப்பல் எங்கயோ ஒரு துறைமுகத்தில பழுதாகிக் கிடந்ததாம். ஏன் கடிதம் போடேல்லை எண்டு கேட்டன். "எழுதப் பஞ்சியா, சோம்பலா இருந்திது" எண்டார். சத்தியமா அகப்பைக் காம்பால போடவேணும் போல இருந்திது. பையைத் திறந்து, அம்மாவுக்கெண்டு கொண்டுவந்த வெளிநாட்டுப் பால்மா டின்னைப் பெருமையா எடுத்து வைச்சார்.

சோத்துக்கு முன்னால இருந்தவர் சுத்திப் பார்த்தார்.

"மோர்மிளகாய் இல்லையோ அம்மா? கொண்டுபோனது முடிஞ்சதில இருந்து அதின்ர நினைவுதான்."

மாமி தலையைக் குனிஞ்சா. நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, கூறைச் சீலை மடிப்புக்குள்ள இருந்து அந்த ஒரு பிடியையும் எடுத்தன். குசினியில எண்ணெய் காயேக்க மாமி பின்னால வந்து நிண்டா.

"எல்லாத்தையும் கொட்டினனே. இது எப்பிடி?"

"அவருக்கெண்டு எடுத்து வைச்சனான் மாமி. வருவார்தானே."

மிளகாய் பொரிஞ்சதும் மாமி அதில ஒண்டை எடுத்து, ஊதி, முதல் என்ர வாய்க்குள்ள வைச்சா.