பம்ப் வாங்கப் போன மாலை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாங்கள் வெளிமாநிலத்தில், போபோடி என்ற இடத்தில் குடியிருந்தோம். கடையைக் கண்டால் எதையாவது வாங்காமல் என்னால் வர முடியாது. வாங்கிய புடவைகளையும் விரிப்புகளையும் பிரிக்காமலே பரணில் ஒளித்துவைப்பேன். கணவருக்குத் தெரியாது.

எங்கள் ஆறு வயது மகளுக்கு ஆஸ்துமா. ஒரு சனிக்கிழமை அவள் உறிஞ்சும் மருந்துப் பம்ப் பக்கத்துக் கடையில் கிடைக்காததால், பிம்ப்ரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே மருந்துக்கடைக்கு முன்னால் ஒரு துணிக்கடை இருந்தது. உள்ளே நுழைந்ததுதான் தெரியும். இரண்டு பைகளோடு வீடு திரும்பியபோது மகள் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

"பம்ப் எங்க?" என்றார் கணவர்.

வாங்கவில்லை என்று தெரிந்தும் பைகளைக் கொட்டித் தேடினேன். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினோம். "ஜல்தி சலோ பையா!" என்று, சீக்கிரம் போகச் சொல்லி வழியெல்லாம் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள். அவள் மூச்சு சீரானதும் கணவரிடம் திரும்பினேன். என்னை நினைத்தே எனக்குப் பயமாக இருந்தது.

"நான் மறக்கலைங்க. அப்புறம் வாங்கிக்கலாம்னு துணிக்கடைக்குள்ள போயிட்டேன். பரண் பூரா இப்படி வாங்கினதுதான். என்னைத் தனியா கடைக்கு அனுப்பாதீங்க."

அவர் மகளின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "இனிமே சேர்ந்தே போவோம்" என்றார்.

இரண்டு வருடம் அப்படித்தான் போனோம். வாங்கும் வெறி மெல்ல அடங்கியது. மகள் இப்போது என்னைவிட உயரம். ஆனாலும் அவள் இருமினால் என் நெஞ்சு பதறுகிறது.