கனகசபை மாஸ்டர் கை வைக்காத ஸ்டூல்

செய்தி வந்தபோது ஜூன் விடுமுறை வகுப்புகளின் முதல் வாரம். நான் தையல் அறையில் இருந்தேன். கனகசபை மாஸ்டர் அன்று காலை குவீன்ஸ்டவுன் வீட்டில் காலமாகிவிட்டார் என்று கல்லூரி அலுவலகத்துக் கிராணி வாசலில் நின்றபடி சொன்னார். நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து, ஆளைத் தெரியவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, “தச்சு வகுப்பு மாஸ்டர், உங்க பக்கத்து ரூம்ல இருந்தாரே” என்றார். விடுமுறைக்கு விடுமுறை நான் சண்டை போட்ட மனிதரை எனக்கே அடையாளம் சொன்னார். கிராணி மேல் வந்த கோபத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

மாஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கல்லூரியைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபேரர் பார்க் திடலுக்குச் சற்றுத் தள்ளி இருந்த சமூகக் கல்லூரி அது. மாலையில் வேலை முடிந்து வரும் பெரியவர்கள் அங்கே டைப்பும் கணக்கும் படித்தார்கள். பள்ளி விடுமுறை வந்தால் கட்டடம் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். நான் தையல் சொல்லிக்கொடுத்தேன். மாஸ்டர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். வருஷ லீவையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்து தச்சு சொல்லிக்கொடுப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். பட்டறையிலும் டை கட்டியிருப்பார். மாலையானால் அந்த டையில் உதறி எடுக்க அரைப்படி மரத்தூள் இருக்கும்.

வகுப்புகளின் கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் நாள். பிள்ளைகள் செய்ததையெல்லாம் மண்டபத்தில் மேசை போட்டு வைப்போம். அதற்கு முந்தைய மாலை எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் ஆசிரியர்கள் உட்கார்ந்து அவர்களுடைய வேலைகளை ஒப்பேற்றுவோம். நான் கோணல் தையலைப் பிரித்துத் தைப்பேன். ஓவிய ஆசிரியர் பாதி மரங்களுக்கு இலை போடுவார். மேலிடத்துக்கும் இது தெரியும். பெற்றோர் சந்தோஷமாகப் போனால்தான் அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவார்கள். மாஸ்டர் மட்டும் அன்று பட்டறையைப் பூட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். கேட்டால், “பிள்ளை செய்தது பிள்ளை செய்ததாவே இருக்கட்டும், டீச்சர்” என்பார்.

சரோஜா என் வகுப்புக்கு வந்த பெண். பதினான்கு வயது. ஊசியைப் பிடித்தால் தூக்கம் வரும் அவளுக்கு. பக்கத்து அறையில் ரம்பச் சத்தம் கேட்டால் போதும், கழுத்து அங்கே திரும்பிவிடும். கடைசியில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் மாஸ்டரிடம் விட்டேன். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்த அவள் அப்பாவிடம் பேச மாஸ்டர் அவர்கள் வீட்டுக்கே போனார். ஏற்கெனவே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஜொகூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற யோசனையில் இருந்தவர் அந்த அப்பா. “பெற்றோர் நாளன்னிக்கு வந்து பாக்குறேன் மாஸ்டர். உருப்படியா ஒண்ணு செஞ்சிருந்தா மேல படிக்கட்டும். இல்லேன்னா போதும்” என்று சொல்லியனுப்பினார்.

அவள் ஸ்டூல் செய்தாள். முதலில் செய்தது நிற்கவே இல்லை. அதைப் பிரித்துவிட்டு இன்னொன்று செய்தாள். அது நின்றது, ஆனால் ஒரு கால் குட்டையாக இருந்ததால் ஆடியது. பெற்றோர் நாளுக்கு முந்தைய மாலை நான் பட்டறைக்குப் போய், மற்ற மூன்று காலையும் கொஞ்சம் சீவிவிடுங்கள், இது ஒன்றுக்காவது என்று கெஞ்சினேன். அவளுடைய படிப்பே இதில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். நாளைக்கு அவளாகச் செய்ததைத்தான் அவள் அப்பா பார்க்க வேண்டுமாம். நானே சீவிக்கொள்கிறேன் என்று இழைப்புளியை எடுக்கப் போனேன். அவர் பட்டறைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நான் வெளியே வரும்வரை கதவருகே நின்றார்.

மறுநாள் அவள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மகளின் ஸ்டூலில் உட்கார்ந்தார். அது ஆடியது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லைதான், ஆனாலும் சிரித்தார்கள். பக்கத்து மேசைகளில் எங்கள் கை பட்ட சட்டைகளும் படங்களும் பளபளத்துக்கொண்டிருந்தன. இது அவளுடைய இரண்டாவது ஸ்டூல், முதலாவது நிற்கவே இல்லை என்று மாஸ்டர் விளக்கப் போனார். அப்பா காதில் அது விழவில்லை. எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சரோஜா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் அந்த வீட்டுக்குப் பலமுறை போனார். கடைசியாகப் போனபோது, பிள்ளை ஜொகூருக்குப் போயாச்சு, இனி வராதீங்க என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அங்கேயே சீக்கிரம் கல்யாணம் ஆயிற்று என்று யாரோ சொன்னார்கள். நான் மாஸ்டரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டேன்.

டிசம்பர் விடுமுறையில் பெற்றோர் நாளுக்கு முந்தைய மாலை பட்டறையில் இழைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் தனியாக உட்கார்ந்து ஒரு பிள்ளையின் பெட்டி மூடியை இழைத்துக்கொண்டிருந்தார். எதற்காக அவரிடம் சண்டை போட்டேனோ அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. போங்கள், போய்க் கோப்பி குடியுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கத் தோன்றியது. அவர் தலை நிமிராமல், “நான் சொன்னது சரி எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். ஆனா அந்தப் பிள்ளைக்கு அது உதவேல்லை” என்றார். அதன்பின் ஒவ்வொரு விடுமுறையும் எங்களோடு உட்கார்ந்து ஒப்பேற்றினார். எங்கள் எல்லோரையும்விட நேர்த்தியாகச் செய்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

உடம்புக்கு முடியாமல் வகுப்புக்கு வருவதை அவர் நிறுத்தியபின், போன மாதம் குவீன்ஸ்டவுனுக்குப் போய்ப் பார்த்தேன். பேச்செல்லாம் சுற்றிச் சுற்றி சரோஜாவிடமே வந்தது. “தேப்பனை முதல் கிழமையே கூப்பிட்டிருக்க வேணும், டீச்சர். நிக்காத ஸ்டூலை அவர் கண்டிருக்க வேணும். நாங்கள் ஆக்களைக் கடைசி நாளுக்கு மட்டுந்தானே கூப்பிட்டனாங்கள்” என்றார். இத்தனை வருஷமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாரா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே இந்த ஜூனில் முதல் வாரமே அம்மாக்களை வரச் சொன்னேன். கடைவேலை, வீட்டுவேலை என்று பெரும்பாலானவர்கள் வரவில்லை. வந்த ஒருத்தி, மகள் கோணல்மாணலாகத் தைத்திருந்த துணியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். “நீயே தைச்சதா?” என்று கேட்டாள். மகள் தலையாட்டியதும் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எங்க, இன்னொண்ணு தை, பாப்போம்” என்றாள்.

முதல் வாரமே கதவைத் திறந்துவைப்பது. மாஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். சரோஜாவுக்கு அது உதவாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை மட்டுமாவது அவரிடம் சொல்ல வேண்டும் என்று, வகுப்பு முடிந்ததும் குவீன்ஸ்டவுனுக்கு பஸ் ஏற நினைத்திருந்தேன். அவள் மகள் அந்த இரண்டாவது துணியைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் கிராணி வந்து வாசலில் நின்றார்.